ராணிக்குத் தைத்த கவுன்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் எந்தக் கதவிலும் காது வைத்ததில்லை. அந்த அவசியமே வந்ததில்லை. நான் தையல்காரி. பேன்ட்டின் ஓரம் மடிக்கவும் ஜிப் மாற்றவும் வருகிறவர்கள் என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கையை விரிக்கும்போது வாயையும் சேர்த்தே திறந்துவிடுகிறார்கள். என் வாயில் குண்டூசி இருப்பதால் குறுக்கே பேச மாட்டேன். அதை அவர்கள் அனுதாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எதிர் வீட்டு ஆடிட்டரம்மாவுக்குக் கண்ணாடிகூட வேண்டியதில்லை. அவள் காதில் ஒன்று விழுந்தால், லிஃப்ட் ஒரு தடவை கீழே போய் மேலே வருவதற்குள் எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்படித்தான் ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"அக்கா, என் பொண்ணு ராணி!"

"எந்த ஊருக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஸ்கூல்ல வருஷக் கடைசி நாடகம். அத்தனை பிள்ளைங்களையும் நடிக்க வெச்சுப் பாத்து, கடைசில இவதான் ராணின்னு சொல்லிட்டாங்க."

ஆடிட்டரின் மகள் படிப்பது இன்டர்நேஷனல் பள்ளியில். முகப்பெல்லாம் கண்ணாடி; வாசலில் இருக்கிற காவலாளிக்கே என்னைவிட நல்ல சட்டை. அங்கே நாடகமும் ஒரு பாடம். கணக்கு, வேதியியல் மாதிரி அதற்கும் தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. அடிபடாமல் கீழே விழுவது எப்படி என்று ஒரு வகுப்பே நடக்கிறதாம். நாங்களெல்லாம் மதிப்பெண் இல்லாமலேயே விழுந்து எழுந்தவர்கள்.

கடைசி இரண்டு வருஷத்துக்கு எந்தெந்தப் பாடம் என்று விடுமுறைக்கு முன்னால் பள்ளிக்குச் சொல்லியாக வேண்டும். பெண் நாடகம் என்றது. ஆடிட்டர் எப்போதும்போல மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: "மேடைல நிக்கணும், நாலு பேர் பாக்கணும். ஓரமா நின்னு கொடி ஆட்டறதுக்கெல்லாம் பாடம் எடுக்க வேணாம். அதுக்கு உங்கப்பா மாதிரி அக்கவுன்ட்ஸ் படிக்கலாம்." இப்போது ராணியே ஆகிவிட்டதால் அக்கவுன்ட்ஸ் பேச்சு அடங்கியது.

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கொஞ்ச நாளாக அது கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட் தவிர வேறெதுவும் போடுவதில்லை. மணிக்கட்டில் வளையலுக்குப் பதிலாக ஒட்டும் டேப்பு உருளை. சாயங்காலம் பள்ளியிலிருந்து தாமதமாக வரும். வந்ததும் என் ஜன்னலிலிருந்து தெரிகிற பால்கனிக்குப் போய் மேஜை விளக்கை ஏற்றி, அதன் முன்னால் சிவப்புத் தாளைப் பிடிக்கும், பிறகு நீலத் தாளைப் பிடிக்கும். வெளிச்சம் எதிர்க் கட்டடத்துச் சுவரில் போய் விழும்.

எதிர்க் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரித்தேன். சும்மா, தெரிந்துகொள்ளத்தான். சுவருக்கு நேரே இரண்டு வீடு. ஒன்றில் ஓய்வு பெற்ற பல் டாக்டர். இன்னொன்றில் பூட்டு. சிவப்பு விளக்குக்குப் பதில் சொல்கிற வயது டாக்டருக்கு இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

விஷயம் தானாகவே என் தையல் மேஜைக்கு வந்தது. ராணியின் கவுனை வேறு யாரும் தைக்கக் கூடாது, நான்தான் தைக்க வேண்டும் என்று ஆடிட்டரம்மா பள்ளிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். டிராமா மிஸ் துணியையும் அளவையும் பூனையிடம் கொடுத்தனுப்பினாள். நான் டேப்பை எடுத்தேன்.

"நில்லு, நானே அளந்துக்கறேன்."

"மிஸ் அளந்துட்டாங்க ஆன்ட்டி. அதையே வெச்சுத் தைங்க."

சரியென்று தைத்தேன். கரும்பச்சைப் பட்டு மாதிரி ஒரு துணி, கழுத்தில் உயரமான காலர், தோளில் பஞ்சு. முடித்து, போட்டுப் பார் என்று நீட்டினேன். வேண்டாம் என்றது. விடுவேனா? போட்டால், விரல்கள் கவுனின் கைக்குள்ளேயே காணாமல் போய்விட்டன. கவுனின் கீழ்ப்பகுதி தரையில் வட்டமாகக் கொட்டிக் கிடந்தது. பூனை அதற்கு நடுவில் சாக்கில் இறங்கியது மாதிரி நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டரம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, ரொம்ப நீளமா இருக்கே," என்றேன்.

"ராணின்னா இழுபடணும் அக்கா. ஒரு நூல்கூடக் குறைக்காதீங்க." கன்னத்தில் கை வைத்து ஒரு நிமிஷம் ரசித்தாள். "நடந்து வந்தா பின்னாடி அப்படியே தரையத் துடைச்சுட்டு வரணும்." இந்தச் செய்தியைக் கீழ்மாடிக்குச் சொல்ல இறங்கிவிட்டாள்.

நான் கதவைச் சாத்தினேன்.

"இப்பச் சொல்லு. இது யார் அளவு?"

பூனை காலரைத் தடவியது. "நெட்டையோடது."

நெட்டை என்றால் அதன் வகுப்புத் தோழி.

"உன்னைத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல ஆன்ட்டி. நானே குடுத்துட்டேன்." பிறகு ஒரே மூச்சில் சொல்லிற்று. "முதல் ரிகர்சல் அன்னிக்கு லைட் பாக்கற பொண்ணு வரல. கொஞ்ச நேரம் மேல கண்ணாடி ரூம்ல உக்காருன்னு மிஸ் சொன்னாங்க. அங்க வரிசையா சின்னச் சின்னதா தள்ளற பட்டன் இருக்கும். ஒண்ண மெதுவா கீழ இறக்கினேன். மேடைல நெட்டை சும்மா நாற்காலில உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருந்தா. ஆனா பாக்க அவ அழற மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி. அவ அழவேயில்ல. தண்ணிதான் குடிச்சா."

"அதுக்கும் மார்க் உண்டா?"

"உண்டு. அதுவும் நாடகப் பாடம்தான். வெளிலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்து மார்க் போடுவாரு. ஆனா அம்மா அன்னிக்குள்ள எல்லார்கிட்டயும் ராணின்னு சொல்லிட்டாங்க. வாட்ச்மேனே எனக்கு சலாம் வெக்கறாரு. இப்பப் போய் லைட்டுன்னு சொன்னா அடுத்த வருஷம் அக்கவுன்ட்ஸ்தான்."

"எப்பத்தான் சொல்லப்போற?"

"நாடகத்துல எல்லாருக்கும் முகமூடி. முடிஞ்சதும்தான் கழட்டுவாங்க. அதுக்குள்ள அம்மா முழுசா பாத்திருப்பாங்க, நல்லாருக்குன்னு தோணியிருக்கும். அப்பச் சொல்லிடுவேன்." கவுனுக்குள்ளிருந்து விரலைத் தேடி எடுத்து என் கையைப் பிடித்தது. "நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது ஆன்ட்டி."

"நானா!" என்றேன்.

பூனை என்னைப் பார்த்தது. நான் தையல் மிஷினைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! வீடு தேடி வந்து ஒவ்வொருத்தியும் "ராணி கவுன் எப்படி வந்திருக்கு?" என்று கேட்கிறாள். உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், சொல்ல முடியாது. குண்டூசியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்குப் பல்வலி என்று முடிவுகட்டி மூன்றாம் மாடிக்காரி எதிர்க் கட்டடத்து டாக்டரிடம் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள்.

நாடகத்தன்று ஆடிட்டரம்மா வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனாள். பள்ளி அரங்கம் படிப்படியாக இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பின்சுவரில், ஒரு கண்ணாடி ஜன்னல். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆடிட்டரம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நடைபாதை ஓரத்து இருக்கை. மடியில் ஒரு பூங்கொத்து. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஆடிட்டர், போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நாடகம் தொடங்குவதற்கு முன்பே திரைச்சீலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான்.

கதை பிள்ளைகளே எழுதியது. ஒரு நாடு, அங்கே சிரிக்கத் தடை. யாரும் யார் முகத்தையும் பார்த்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் முகமூடி. தடை போட்டவள் ராணி.

ராணி மேடையிலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து, நடைபாதைப் படிகளில் இறங்கி வந்தாள். அவள் கால் வைக்க வைக்க வெளிச்சம் ஒரு படி முன்னால் போய் விழுந்தது. வாசலைத் திறந்துவிடுகிற மாதிரி. ஆடிட்டரம்மா என் விலாவில் இடித்தாள். பின்வரிசைக்குத் திரும்பி, "என் பொண்ணு," என்றாள். அதற்குப் பின்வரிசைக்கும் சொல்லச் சொன்னாள்.

ராணி எங்களை உரசிக்கொண்டு போனாள். கரும்பச்சைக் கவுன். என் தையலில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தப் பெருமையில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆடிட்டரம்மா கவனித்துவிட்டாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இழுபடலையே."

கவுன் கணுக்காலோடு கச்சிதமாக நின்றிருந்தது. அதற்குக் கீழே செருப்பில்லாத நீளமான இரண்டு பாதங்கள்.

"அது என் பொண்ணு கால் இல்ல."

நான் மேடையைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொரு முகமூடியாக, ஒவ்வொரு காலாக அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. காவலர்கள், மந்திரி, ஊர்க்காரர்கள். பூங்கொத்தின் தாள் அவள் கையில் நொறுங்கிக்கொண்டே இருந்தது.

"இதுல எவளுமே அவ இல்ல அக்கா." குரல் மாறிவிட்டிருந்தது. "ரிகர்சல் ரிகர்சல்னு இவ்ளோ நாளா சாயங்காலம் சாயங்காலம் எங்க போயிருக்கா? யாரோட போயிருக்கா? காலைல ஸ்கூல் வாசல்ல இறக்கிவிட்டது நான்தானே! இப்ப எங்க இருக்கா?"

பாருங்கள், அத்தனை நாளும் வாயைத் திறக்க முடியாமல் தவித்தவளுக்கு, திறந்தே ஆக வேண்டிய நேரத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. "அது வந்து..." என்றேன். பின்வரிசை "உஷ்" என்றது. "உக்காரும்மா, நான் சொல்றேன்," என்று அவள் கையைப் பிடித்தேன்.

"நீங்க சும்மா இருங்க அக்கா!" உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

அது சிறைச்சாலைக் காட்சி. ராத்திரி. சிரித்ததற்காக அடைக்கப்பட்டவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் ராணி வந்து சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். மேடையில் ஒரு சாம்பல் நிறக் கோடு மாதிரி வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. பூனை பால்கனியில் நீலத் தாளும் கையுமாக நின்றதெல்லாம் இந்த இருட்டுக்காகத்தான். மார்க் போட வந்தவர் இரண்டாம் வரிசையில் பேனாவை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருட்டில் ஆடிட்டரம்மா படியேறிப் போனாள். ஒரு படி ஏறினாள். அடுத்ததைக் கால் தேடியது, கிடைக்கவில்லை. யாருடைய தோளையோ பிடித்தாள். அந்த ஆள் அலறினார். முழங்கால் மடங்குவதை நான் இருந்த இடத்திலிருந்தே உணர்ந்தேன்.

படிகளில் வெளிச்சம் விழுந்தது.

ராணி இறங்கி வந்த அதே வெளிச்சம். இந்தத் தடவை ஆடிட்டரம்மாவின் காலடியில், ஒரு படி முன்னால். மேடையிலிருந்த இருட்டெல்லாம் உடைந்துபோயிற்று. அரங்கமே திரும்பியது. பூங்கொத்தும் கையுமாக நடுப்படியில் நிற்கிற அம்மாளைப் பார்த்து, புதிதாக ஒரு பாத்திரம் வந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆடிட்டரும் போனை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார். மனைவி என்று அவருக்கு அப்போது தெரிந்ததா என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது.

மேடையில் என்ன நடந்தாலும் அதை ஏற்றுக்கொள், நடக்காத மாதிரி இருக்காதே என்பது டிராமா மிஸ் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிற பாடமாம். நெட்டை நல்ல மாணவி. சிறைச்சுவரை விட்டு நகர்ந்து, மேடை விளிம்புக்கு வந்து கையை நீட்டினாள்.

"யார் அங்கே? என் நாட்டில், என் அனுமதியில்லாமல், வெளிச்சத்தில் நடப்பவர் யார்?"

ஆடிட்டரம்மா ராணி பக்கம் திரும்பவே இல்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு வெளிச்சம் வருகிற திக்கைப் பார்த்தாள். கண்ணாடி ஜன்னல். அதற்குள் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. காதில் மைக் வைத்த ஹெட்போன் மாட்டிய ஒரு கறுப்புச் சட்டை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு மூக்கு.

"அங்கயாடி இருக்க!"

"நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றாள் ராணி கம்பீரமாக. "நீ யார்?"

"உன்கிட்டப் பேசலம்மா. நான் என் பொண்ணுகிட்டப் பேசறேன். நீ உன் வேலையப் பாரு."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மார்க் போட வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெட்டை கொஞ்சமும் அசரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "காவலர்களே!" என்றாள். "என் நாட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இத்தனை பேரையும் அடைக்கச் சிறையில் இடம் இருக்கிறதா?"

"இல்லை, மகாராணி," என்றான் ஒரு காவலன், தானாகவே.

"அப்படியானால் அந்தத் தாயையாவது உட்கார வையுங்கள்."

காவலன் இறங்கி வந்து, வெகு மரியாதையாகக் கையைப் பிடித்து, ஆடிட்டரம்மாவைப் படியிலேயே உட்கார வைத்தான். அவள் உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டிக்கொண்டு வந்த மூச்சை விடும்வரை அந்த வெளிச்சம் அங்கேயே இருந்தது. பிறகுதான் மெல்ல மெல்ல வடிந்து மேடைக்குத் திரும்பியது.

மிச்ச நாடகத்தை அவள் அந்தப் படியிலிருந்தே பார்த்தாள். பாதி நேரம் மேடையை, பாதி நேரம் மேலே ஜன்னலை.

கடைசியில் முகமூடிகளைக் கழற்றினார்கள். குனிந்து வணங்கினார்கள். பிறகு எல்லோருமாகக் கையைத் தூக்கி அந்த ஜன்னலைக் காட்டினார்கள். அது நாடகக்காரர்களின் வழக்கமாம். ஜன்னலுக்குள் விளக்கு எரிந்தது. பூனை, பிடிபட்ட பூனை மாதிரியே, நின்றது.

ஆடிட்டரம்மா மேலே ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். முழங்கால் வலிக்காரியைத் தனியாக விட முடியுமா?

அந்த அறைக்குள் ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கலாம். நான் கதவில் சாய்ந்துகொண்டேன்.

"ஏன்டி சொல்லல?"

"நான் ராணின்னு நீதான் ஊரெல்லாம் சொல்லிட்டியே."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

காதைப் பிடித்துத் திருகப் போனாள். காதில் ஹெட்போன் இருந்தது. எதைத் திருகுவதென்று தெரியாமல் மகளை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள். பூங்கொத்து நடுவில் நசுங்கியது.

"நான் என்னென்னமோ நெனச்சேன்டி பாவி. எவனோ கூட்டிட்டுப் போயிட்டான்னு... எங்கயாவது இருந்தாப் போதும், இருந்தாப் போதும்னு படியேறினேன். ராணியாம் ராணி. யாருக்கு வேணும்?" மூக்கை உறிஞ்சினாள். "அந்த லைட்ட நீதான் போட்டியா?"

"உனக்கு முட்டி வலிக்குமே."

அந்த நேரம் டிராமா மிஸ் மேலே ஏறி வந்தாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது: வெளிச்சம் விழுந்த அடுத்த நொடி அவள் மைக்கில், "யார் போட்டது? அணை!" என்று கத்தியிருக்கிறாள். "முடியாது மிஸ், அது எங்கம்மா," என்று பதில் வந்ததாம். சொல்லிவிட்டு மிஸ் பூனையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சிறைக் காட்சிக்கு மார்க் குறைப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் மிஸ்."

"மத்ததுக்கெல்லாம் அவர் எழுதிக்கிட்டதை எட்டிப் பாத்தேன். பயப்படாத." இறங்கிப் போய்விட்டாள்.

ஆடிட்டரம்மா அந்தத் தள்ளும் பட்டன்களையெல்லாம் ஒருதரம் பார்த்தாள். தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் இந்தப் பொந்துக்குள்ளதானா?"

பூனை என்னைப் பார்த்தது. எனக்கு வாயில் குண்டூசி இல்லை, இருந்தும் பேசவில்லை.

"நீ விட்டா," என்றது.

"கதவையாவது தொறந்து வெச்சுக்கோ. மூச்சு முட்டுது."

பூனை உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு நாளும் தோளில் ஏற்றிவைத்திருந்த எதையோ அந்தச் சுழல் நாற்காலியில் இறக்கி வைத்த மாதிரி. பிறகு சிரித்தது. அந்தப் பெண் அப்படிச் சத்தம் போட்டுச் சிரிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வரும்போது வேனில் நான் தொண்டையைக் கனைத்தேன். இத்தனை நாள் கட்டிக் காத்த ரகசியத்தை, யார் அளவு யாருக்கு, பச்சைக் கவுன் எப்படிக் காட்டிக்கொடுத்தது என்று முதலிலிருந்து சொல்லப்போகிறேன். ஆடிட்டரம்மா முந்திக்கொண்டாள்.

"ராணி என்ன பெரிய ராணி! நாலு தடவ வந்தா, போனா. என் பொண்ணு கை வெக்கலைன்னா அவ மூஞ்சியே தெரியாது. கவுன் தைச்ச அக்காவுக்கு முன்னாடியே தெரியும், கேட்டுப் பாருங்க. அழுத்தக்காரி, வாயே திறக்கல!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் மாடிக்காரி மட்டும், "அப்ப அந்த மாத்திரை?" என்றாள்.

இப்போது ஆடிட்டரம்மா எங்கள் மாடிப்படியில் எரிகிற விளக்கைப் பார்த்து, வெளிச்சம் நேர் மேலேயிருந்து வந்தால் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி தெரிகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் சண்டை போடுகிறாள். நேற்றுச் சாயங்காலம் என் ஜன்னல் வழியாகத் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். பால்கனிச் சுவரில் சாய்ந்து அவள் நின்றிருந்தாள். பூனை விளக்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் தாளைப் பிடித்திருந்தது.

"தாடையத் தூக்கும்மா. அசையாத."

"எவ்ளோ நேரம்டி? முட்டி வலிக்குது."

"கொஞ்சம் இரு, நல்லா வருது."

"வரட்டும், வரட்டும்," என்றாள் ஆடிட்டரம்மா, உதட்டை அசைக்காமல். "அக்கா ஜன்னல்லேர்ந்து பாத்துட்டிருக்காங்க. அவங்களுக்கும் தெரியற மாதிரி திருப்பிப் பிடி."